வானரங்களுக்குப் பாட்டுக் கட்டியவர்

தலைமன்னார் முனையில் நின்றால் மணல்திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே கடலுக்குள் இறங்கிப் போவது தெரியும். ராமர் அணை என்பார்கள், ஆதாம் பாலம் என்பார்கள். எங்கள் மன்னார்த் தீவில் இரண்டு பெயரும் புழங்குகின்றன. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை தனுஷ்கோடியில் ஏறிய கப்பல் பயணிகள் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். இராமாயணத்தைப் படமாக்குகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பாலம் கட்டி இந்தப் பக்கம் கரையேறியாக வேண்டும். அப்படிக் கரையேறிய படங்களில் என் மனதுக்கு மிக நெருங்கியது, ஜப்பானியர்கள் கையால் வரைந்து, பம்பாய்க்காரர் ஒருவர் இசையமைத்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. படம் பிறந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அதன் இசை பிறந்த கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை.

1983இல் யூகோ சாகோ என்ற ஜப்பானிய ஆவணப்பட இயக்குநர் இந்தியாவுக்கு வந்திருந்தார். தொல்லியல் அறிஞர் பி.பி. லால், அலகாபாத் பக்கத்தில் இராமாயணத்தோடு தொடர்புள்ள இடங்களைத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. அதைப் படம்பிடிக்க வந்தவரைக் கதையே பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடித் தேடிப் படித்தார். தெய்வத்தின் முகத்தை ஒரு நடிகர் தாங்க முடியாது, வரைந்த உருவமே தாங்கும் என்பது அவருடைய தீர்மானம். வெளிநாட்டுக்காரர் இராமாயணத்தைக் கார்ட்டூனாக்குவதா என்று இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. இந்திய அரசோடு சேர்ந்து எடுக்கலாம் என்ற யோசனையும் கைகூடவில்லை. முடிவில் ஜப்பானியப் பணத்திலேயே 1990இல் வேலை தொடங்கியது. கோயிச்சி சசாக்கியும், இந்திய அனிமேஷனின் தந்தை எனப்படும் ராம் மோகனும் சாகோவுடன் இயக்குநர்களாக நின்றார்கள். வேட்டியின் மடிப்பு எப்படி விழும், பெரியவர் காலில் எப்படி விழுந்து வணங்குவது என்பதையெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்கு இந்தியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் செல் ஓவியங்கள்.

வரைந்த கடலுக்கு இரைச்சல் கிடையாது. வரைந்த மனிதன் மூச்சுவிடமாட்டான். நடிகரைப் படம்பிடித்தால் அவருடைய உடம்பே பாதி உணர்ச்சியைத் தந்துவிடும். ஓவியத்துக்கு அதை இசை கொடுக்கவேண்டும். எங்கள் தீவின் பேசாலை ஊரில் நடக்கும் உடக்குப் பாஸைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உருவங்களைக் கொண்டு யேசுவின் பாடுகளை நடத்தும் அந்த மரபில், உருவம் வாய் திறப்பதில்லை. பாடுகிறவர்களின் குரலைக் கேட்டுத்தான் சனம் அழுகிறது.

ஜப்பானியர்கள் இதை நேரத்தோடு புரிந்துகொண்டார்கள். 1965இல் ஒசாமு தெசூக்காவின் ‘ஜங்கிள் எம்பரர்’ தொலைக்காட்சித் தொடருக்கு இசாவோ தொமிதா முழு வாத்தியக் குழுவை வைத்து இசையமைத்தார். சிறுவர் தொடருக்கு இவ்வளவு செலவா என்று கேட்கக்கூடிய காலம். 1974இல் வந்த ‘ஸ்பேஸ் பாட்டில்ஷிப் யமாட்டோ’வுக்கு ஹிரோஷி மியாகாவா போட்ட இசை, 1977இல் சிம்ஃபனித் தொகுப்பாகத் தனி இசைத்தட்டாகவே வெளிவந்தது. படத்தை விட்டுப் பிரிந்தும் இசை உயிர்வாழும் என்று காட்டியது அந்தத் தட்டு. 1984இல் இயக்குநர் மியாசாக்கியின் ‘நௌசிகா’ படத்தோடு இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி வந்தார். ஆகவே சாகோ தன் படத்தைத் தொடங்கியபோது, பெரிய அனிமே என்றால் பெரிய வாத்தியக் குழு என்ற எதிர்பார்ப்பு அங்கே ஊன்றியிருந்தது. ஆனால் இந்தக் கதைக்கு வயலின் வரிசைகள் மட்டும் போதாது. வேதம் ஓதும் குரலும், சுருதியை விடாத தம்பூராவும், ராகத்தின் நெளிவும் அதே வாத்தியக் குழுவுக்குள் அமரவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சப்பேர்தான். அவர்களில் ஒருவர் பம்பாயில் இருந்தார்.

வன்ராஜ் பாட்டியா 1927இல் பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார். பிறகு பாரிசில் நாதியா பூலான்ஷேயிடம் மாணவரானார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்கள் பலரை உருவாக்கிய ஆசிரியை அவர். 1959இல் ஊர் திரும்பிய பாட்டியாவுக்கு இந்தியாவில் சிம்ஃபனி எழுத இடமில்லை. சில வருடம் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசை கற்பித்தார். வயிற்றுப்பாட்டுக்கு விளம்பர இசை எழுதினார். லிரில் சோப்பின் அருவி விளம்பரம் உட்பட ஆயிரக்கணக்கில். 1974இல் ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ அவரைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தது.

அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மேற்கத்திய இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்கடுக்காக ஒலிக்கும். நம் ராகம் ஒற்றைக் கோடு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போகும். அசைகிற சுரத்தின் அடியில் அசையாத அடுக்கை வைத்தால் இரண்டும் முட்டும். பலர் அந்த அசைவை, அதாவது கமகத்தை, வெட்டிவிட்டு ராகத்தை நேர்க்கோடாக்கிச் சமாளித்தார்கள். அப்படிச் செய்தால் ராகம் செத்துப்போகும். இன்னொரு வழி உண்டு: கீழே ஆதார சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தந்தி வாத்தியங்கள் நீளமாகப் பிடித்து நிற்க, மேலே குரலோ குழலோ தன் இஷ்டத்துக்கு அசைய விடுவது. அடுக்குகளை ராகத்துக்கு வெளியே தேடாமல் அதன் சுரங்களுக்குள்ளேயே கண்டுபிடிப்பது. இதற்குப் பொறுமையும் இரண்டு மரபிலும் பழகிய காதும் வேண்டும்.

அந்தக் காதின் முழு வீச்சும் தெரிந்தது 1988இல், பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில். நேருவின் நூலைத் தழுவிய 53 பகுதித் தூர்தர்ஷன் தொடர் அது. தொடக்க இசைக்கு ரிக் வேதத்தின் படைப்புப் பாடலை எடுத்துக் கூட்டுக்குரலில் அமைத்தார் பாட்டியா. வசந்த் தேவ் அதை இந்தியில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். என் கணிப்பில் இராமாயணப் படத்தின் இசைக்கு விதை அங்கேதான் விழுந்தது. ஏனென்றால் சாகோவின் படத்திலும் இதே இரண்டு பேர். வசனம் ஆங்கிலம், பாட்டுகளோ வசந்த் தேவ் எழுதிய சமஸ்கிருதம். டோக்கியோவில் கேட்பவருக்கும் மதுரையில் கேட்பவருக்கும் அது வீட்டில் பேசாத மொழி; மதுரைக்காரருக்கோ கோவிலில் கேட்ட மொழி. இந்தப் படத்தின் மிகச் சிறந்த முடிவு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் கரைக்குரிய காட்சிக்கு வருகிறேன். வானரங்கள் கல்லைப் பெயர்த்துக் கடலில் போட்டுப் பாலம் கட்டும்போது கூட்டமாகப் பாடுகிறார்கள். இது பக்திப் பாட்டு மட்டுமல்ல, வேலைப்பாட்டு. மன்னார்க் கரையில் கரைவலை இழுத்தவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். கயிற்றுக்கு இரு பக்கமும் ஆட்கள் நிரை பிடிப்பார்கள். ஒருவர் அம்பா என்ற வேலைப்பாட்டை எடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று திருப்பும் அந்த நொடியில் எல்லாக் குதிகாலும் ஒன்றாக மணலில் ஊன்றும், கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். முதல்வர் பாடும்போது உடம்பு ஆறும், கூட்டம் பாடும்போது உடம்பு இழுக்கும். பாரம் எவ்வளவு என்பதைப் பாட்டின் வேகத்திலேயே கேட்கலாம். ஆயிரம் கைகள் ஒன்றாக அசைவதை ஓவியர்கள் வரைந்துவிடலாம்; அந்தக் கைகளுக்குள் ஓடும் தாளத்தைக் கொடுக்கக் கூட்டுக்குரல்தான் வேண்டும்.

பாலம் முடிந்து படை இறங்குகிற இடத்தில் எனக்கு மனம் இரண்டாகும். இராவணன் மனைவி மண்டோதரி பிறந்தது எங்கள் மாதோட்டம் என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அங்குள்ள திருக்கேதீச்சரம் சிவன் கோவிலை அவளுடைய தகப்பன் மயனோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இராவணன் ஊர் மருமகன். வருகிற படையின் பாட்டில் மனம் சொக்கிக்கொண்டே, அது யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்றும் நினைக்கவேண்டியிருக்கிறது. யுத்தத்தைப் பார்த்த கரை இது.

படத்துக்கு நேரம் சரியில்லை. 1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது; அடுத்த மாதம் டெல்லியில் நடந்த திரைப்பட விழாவில்தான் படம் திரையிடப்பட்டது. திரையரங்குகளில் அது பரவவில்லை. பிறகு தொலைக்காட்சி வழியாக இந்தியப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் புகுந்துகொண்டது. 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு, தமிழ்க் குரல்பதிவோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் போய்விட்டார்கள். பத்மஸ்ரீ வாங்கிய பாட்டியா, கடைசி வருடங்களைப் பணமுடையில் கழித்து, 2021 மே 7 அன்று மும்பையில் இறந்தார். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

யமாட்டோவின் இசைக்கு ஜப்பானியர்கள் செய்ததை இந்த இசைக்கும் செய்யவேண்டும்: படத்திலிருந்து பிரித்து, முழுத் தொகுப்பாக, மேடையில். ஒரு மேடையை மன்னாரிலும் போடட்டும். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தைக் கொண்டு வலையை இழுத்துவிடுகிறார்கள். அம்பா தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நடந்தால், பாலப் பாட்டின் கூட்டுக்குரலுக்கு வெளியில் ஆள் தேடத் தேவையில்லை.