கடைக் கணக்கை டேப்பில் சேமிக்கலாமா? பழைய பேக்கப் முறை எவ்வளவு நம்பகமானது?

ஜொகூரின் தங்காக் என்றதும் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பின்னணியில் நிற்கும் லேடாங் மலை. இன்னொன்று, வரிசையாக இருக்கும் துணிக்கடைகள். (மாட்டிறைச்சி மீ பிரியர்கள் மன்னிக்கவும்.) பெருநாள் நேரத்திலும் கல்யாண சீசனிலும் வெளியூர்க்காரர்கள் கார் எடுத்து வந்து மீட்டர் கணக்கில் துணி வாங்கிப் போவார்கள்.

அப்படி ஒரு குடும்பக் கடையை நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். கவுண்டரில் ஒரு கணினி. எந்த டிசைன் எத்தனை ரோல் இருக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான். அப்பா காலத்து அலமாரியைத் திறந்தால், உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன கேசட்டுகள். மேலே பேனாவால் வருஷம் எழுதியிருக்கு. பாட்டு கேசட் இல்லை, பேக்கப் டேப்.

அதை இன்னும் நம்பலாமா? புதுசா ஒரு டேப் டிரைவ் வாங்கலாமா?

கேள்வி சாதாரணமானது இல்லை. மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டப்படி, வியாபாரக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். 2016 நிறுவனங்கள் சட்டமும் அதே 7 ஆண்டுகளைத்தான் கேட்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக வந்த இ-இன்வாய்ஸ் வருமான வரி வாரியத்தின் தளத்தில் பதிவாகும், சரி. ஆனால் உங்கள் ஸ்டாக் பட்டியலும் கடன் கணக்கும் அங்கே இருக்காது.

டேப் அவ்வளவு மோசமா?

இல்லை. இதில்தான் பலருக்கு ஆச்சரியம். கணினித் தரவை டேப்பில் பதியும் வழக்கம் 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, இன்னும் ஒழியவில்லை. 2000-இல் ஐபிஎம், எச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த எல்.டி.ஓ. வகை டேப்தான் இன்றைக்குப் பெரிய நிறுவனங்களில் ஓடுகிறது. முதல் தலைமுறை டேப்பில் 100 ஜிகாபைட். 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். துணிக்கடைக்காரர் மொழியில் சொன்னால், அரை அங்குல அகல ரிப்பன், தலைமுடியை விட மெல்லியது, ஒரு கேசட்டுக்குள் 1,000 மீட்டருக்கு மேல்.

டிரைவ் எழுதும்போதே, எழுதியதை உடனுக்குடன் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். படிக்கும்போது பிழை வரும் வாய்ப்பு, சாதாரண ஹார்ட் டிஸ்க்கை விட எல்.டி.ஓ. டேப்பில் பல ஆயிரம் மடங்கு குறைவு என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் காணாமல் போயின. இன்னொரு இடத்தில் இருந்த பிரதிகளும் அதே கோளாறில் சிக்கின. கடைசியில் கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான்.

அப்போ எங்கே சொதப்புது?

டேப்பைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றிலும்.

முதலில் டிரைவ். டேப் வேகமாக ஓட ஓட, கணினி இடைவிடாமல் தரவை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் பழைய கணினியால் அது முடியாது. தரவு வராதபோது டிரைவ் நின்று, டேப்பைப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் ஓட்டும். ஷூவுக்கு பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் போவதால் இதற்கு ‘ஷூ ஷைனிங்’ என்றே பெயர். இது தொடர்ந்தால் டேப்பும் தேயும், படிக்கும் முனையும் தேயும். சின்னக் கடைகளில் டேப்புக்குக் கெட்ட பெயர் வர இது ஒரு காரணம். நாள் கணக்கில் முனையைச் சுத்தம் செய்யாமல் விடுவது இன்னொன்று.

அடுத்து நம் ஊர் வானிலை. நீண்ட நாள் பாதுகாக்க டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்கிறார்கள். மலேசியாவில் வெளியே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது தினசரிக் கதை. ராத்திரி ஏர்கோனை அணைத்துவிட்டுப் போகும் கடையின் அலமாரி, டேப்புக்கு ஏற்ற இடம் கிடையாது. ‘30 வருஷம் தாங்கும்’ என்ற விளம்பரக் கணக்கு அந்த அலமாரிக்குப் பொருந்தாது.

மூன்றாவதுதான் பலரும் யோசிக்காதது: டேப் நன்றாக இருக்கும், அதைப் படிக்கிற மெஷின் இருக்காது. எல்.டி.ஓ. டிரைவ்கள் ஏழாம் தலைமுறை வரை, தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்தன. எட்டாவது ஒன்றை மட்டும் படிக்கும். பத்தாவது, முந்தைய தலைமுறையைக்கூடப் படிக்காது. அப்பாவின் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் 1989-இல் அறிமுகமான டி.டி.எஸ். வகையாக இருக்கும். அதற்கும் எல்.டி.ஓ.வுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக, மனிதர்கள். 1998-இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. டேப் பேக்கப் இருக்கே என்று திரும்பினால், அது கொஞ்ச காலமாகவே ஒழுங்காகப் பதியவில்லை. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பத்திரமாக ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள்.

தங்காக் கடைக்கு எது சரி?

நேராகச் சொன்னால், புது டேப் டிரைவ் வேண்டாம். கேசட் விலை சில நூறு ரிங்கிட்தான், ஆனால் டிரைவ் விலை ஆயிரக்கணக்கான அமெரிக்க டாலர். ஒரு கடையின் மொத்தக் கணக்கும் படங்களும் 1 டெராபைட்டைத் தாண்டுவதே அபூர்வம். அந்தச் செலவு நியாயமாவது, பல டெராபைட் வீடியோ வைத்திருக்கும் கல்யாண ஸ்டூடியோ போன்ற இடங்களுக்கு. அவர்களும் டிரைவ் பழுதானால் மாற்று எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் டேப்பிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் அதை வெளியே எடுத்து, வேறிடத்தில் வைப்பார்கள். 2017 மே மாதம் பரவிய ‘வான்னாக்ரை’ போன்ற வைரஸ்கள், கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றி வைத்ததை அதனால் தொட முடியாது. 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளங்களை நினைத்துப் பாருங்கள். கடைக்குள் தண்ணீர் வந்தால், கவுண்டருக்குக் கீழே இருக்கும் பேக்கப்பும் கணினியோடு சேர்ந்துதான் நனையும்.

இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் போதும். இந்த வாரம் ஒன்று கடையில், மற்றது வீட்டில். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்கள், வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கு. முடிந்தால் மூன்றாவது பிரதி கிளவுடில். மாதத்தில் ஒருநாள், வேறொரு கணினியில் டிஸ்க்கைச் செருகி, போன மாதக் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே சரிசெய்யலாம், மூலக் கணினி இன்னும் உயிரோடுதானே இருக்கு.

அந்தப் பழைய கேசட்டுகள்? 7 ஆண்டு தாண்டியிருந்தால் வரிக்குத் தேவைப்படாது. குடும்பத்துக்கு முக்கியமான ஏதாவது உள்ளே இருக்கலாம் என்றால், ஆன்லைனில் பழைய டிரைவ் வாங்கி நீங்களே செருகிப் பார்க்காதீர்கள், தேய்ந்த டிரைவ் டேப்பைக் கடித்துவிடும். தரவு மீட்பு வேலை செய்பவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அப்பாவிடம் ஒரு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் காலத்தில் எந்த மென்பொருளில் பேக்கப் எடுத்தார், பாஸ்வேர்ட் ஏதாவது போட்டாரா? அது தெரியாவிட்டால், டேப் முழுசாகப் படிக்கப்பட்டாலும் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாமல் போகலாம்.