ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம்

மும்பை மாஹிமின் மீன் குழம்புகளுக்குப் புளிப்பு ஒரே பொருளிலிருந்து வருவதில்லை. கோலி, மால்வணி வீடுகளில் காய்ந்த கோகம் தோல் போடுகிறார்கள்; அவர்கள் வழக்கில் அது ஆம்சூல். மலையாளிகளுக்குக் குடம்புளி. பக்கத்துத் தாராவித் தமிழர்கள் புளி கரைக்கிறார்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கோகமும் குடம்புளியும் கார்சினியா பேரினத்து மரங்கள். அவற்றின் முதன்மையான அமிலம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம்.

குடம்புளியில் இருப்பவை டார்டாரிக், சிட்ரிக் அமிலங்களே என்று முன்பு கருதப்பட்டது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் ஒய். எஸ். லூயிசும் எஸ். நீலகண்டனும் 1965இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கருத்தைத் திருத்தியது. நாக்குக்குப் பிடிபடாத வேறுபாடு இது.

சிட்ரிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாகச் சேர்ந்தால் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் கிடைக்கும். மாற்றம் சிறியது, விளைவு பெரியது. சிட்ரிக் அமிலத்துக்கு இடம், வலம் என்ற பேதமில்லை; இதற்கோ நான்கு முப்பரிமாண வடிவங்கள் உண்டு. கார்சினியா மரங்கள் அவற்றில் ஒன்றை உண்டாக்குகின்றன. புளிச்சகீரை இனச் செம்பருத்தி இன்னொன்றை.

தனி அமிலத்தைப் படிகமாக்குவது கடினம். சிட்ரிக் அமிலம் இதில் சாதுவானது: சுமார் 37 பாகை செல்சியசுக்குக் கீழே நீர்மூலக்கூறு ஒன்றைச் சேர்த்துக்கொண்டும், அதற்கு மேலே நீரின்றியும் ஒழுங்காகப் படிகமாகும். ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுண்டவைத்தாலோ, கூடுதலாக நின்ற ஹைட்ராக்சில் அதே மூலக்கூறின் கார்பாக்சிலோடு பிணைந்து ஐந்தணு வளையமாகிறது. ஒரு நீர்மூலக்கூறு கழன்றுவிடுகிறது. வளையம் மூடுவதால் இழக்கும் அசைவுச் சுதந்திரத்தை, விடுபட்ட நீரின் என்ட்ரோப்பி ஈடுகட்டுகிறது. ஆவியாக நீர் வெளியேற வெளியேறச் சமநிலை வளையத்தின் பக்கமே சாய்கிறது. கார்சினியா அமிலம் எனப்படும் இந்த லாக்டோன் சுமார் 178 பாகையில் உருகும்.

அமெரிக்காவில் பணியாற்றிய பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜென்னி கிளஸ்கரின் குழு 1971இல் லாக்டோனின் கால்சிய உப்பை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, மூலக்கூறின் உண்மையான இட வலத்தையே நிறுவியது. இப்படி முதன்முதலில் இட வலம் அறியப்பட்டது நம் புளியின் அமிலத்துக்குத்தான்: 1951இல் நெதர்லாந்தின் பைஃபூட் டார்டாரிக் அமில உப்பில் அதைக் கண்டார்.

இந்த வடிவ விவரம் உயிரியலில் முக்கியமானது. கொழுப்பு உருவாக்கத்துக்கு வழிவிடும் ஏ.டி.பி. சிட்ரேட் லயேஸ் நொதியை ஹைட்ராக்சி சிட்ரேட் தடுப்பதை 1969இல் வாட்சன், ஃபாங், லோவன்ஸ்டைன் காட்டினர். திறந்த அமிலமே வலுவாகத் தடுக்கும், லாக்டோன் வலுவற்றது. அதனாலேயே, வளையம் மூடாதிருக்க, கடைகளில் இதைக் கால்சிய, பொட்டாசிய உப்புகளாக விற்கிறார்கள்.

எடை குறைக்கும் மாத்திரை என்ற விளம்பரத்துக்கு இது போதாது. 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் எடுத்தவர்களும் போலி மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இளைக்கவில்லை. குழம்பில் போட்டுச் சாப்பிடத் தயங்க வேண்டாம். இளைப்பதற்காகப் புட்டியில் வாங்குவது வீண் செலவு.