உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் பார்வையாளர் விளக்கமும்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருவோருள் பலர் ‘குடவோலை’ என்னும் சொல்லை முன்பே அறிந்தவர்கள். பாடநூலும் மேடைப்பேச்சும் அதனை மக்களாட்சியின் தோற்றுவாயாக அவர்களுக்குக் காட்டியுள்ளன. சுவரிலுள்ள பத்தாம் நூற்றாண்டு எழுத்தைப் படிக்க இயலாதவருக்கு விளக்கப் பலகையே கல்வெட்டாகிவிடுகிறது. எனவே அப்பலகை எதைச் சொல்ல வேண்டும் என்பது வரலாற்றாய்வின் வினாவும் ஆகும்.

முதற்பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் இங்கு முதன்மையானவை. இவை சதுர்வேதிமங்கலச் சபையின் முடிவுகள். அரசாணையின்படி, அரச அதிகாரி உடனிருக்கச் செய்யப்பட்டவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவற்றை உடையவர் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. வேதக் கல்வி மிக்கவர்க்கு அரைக்கால் வேலி போதுமானதாக இருந்தது. நிலமற்றோர்க்கும் வேதம் ஓதாதோர்க்கும் இடமில்லை. இவ்வரம்பைச் சொல்லாமல் ‘மக்களாட்சி’ என்று மட்டும் எழுதும் பலகை கல்வெட்டுக்கு மாறானது.

ஆயினும் வரம்பை மட்டும் சொல்வதும் குறைவுடையதே. பெயரோலைகள் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையில் ஏற்றுப் படித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமாரும் படித்தனர். விரல்களை விரிக்கச் சொன்னவர்கள் மோசடியை நேரில் கண்டிருக்க வேண்டும்! முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

முதற்கல்வெட்டு 30 முதல் 60 வரை என வகுத்த வயதெல்லையை இரண்டாவது 35 முதல் 70 வரை என மாற்றியது. ஈராண்டுக்குள் தம் விதியைத் தாமே திருத்திய ஒரு சபையை இங்குக் காண்கிறோம். ‘உலகில் முதன்மையானது’ என்னும் புகழுரையைவிட இத்திருத்தமே பார்வையாளர்க்கு உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு. கோயிற்சுவரில் ஆணி அறையாமல், தனித்து நிற்கும் பலகையில் இரு கல்வெட்டுகளின் மைப்படிகளையும் அடுத்தடுத்து வைத்து, மாறிய சொற்களை வண்ணமிட்டு, கீழே இக்காலத் தமிழில் பொருள் தரலாம். தகுதி வரம்புகளும் அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். அவற்றை அடிக்குறிப்பிற்குத் தள்ளலாகாது.