ஆசிய வணிக ஒத்துழைப்பும் ஒலக்கூர் மல்லாட்டையும்

வட்டார வணிக உடன்படிக்கைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சுங்கவரி விகிதங்களோடு நின்றுவிடுகின்றன. விளைந்த பொருள் எந்தக் களத்தில் காய்ந்தது, எத்தனை ஈரத்தோடு சாக்கில் ஏறியது என்பதை அவை கேட்பதில்லை. வளரும் ஆசிய நாடுகளின் ஒத்துழைப்பு நிலைபெற வேண்டுமானால், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் வட்டாரத்தில் நெல்லுக்கு ஏரியும் கிணறும். மேட்டு நிலத்துக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டிஎம்வி 2 நிலக்கடலை ரகம் 1940இல் வெளிவந்து, ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. இத்தகைய மரபுள்ள மண்ணில்தான் இன்று நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்குகிறோம்.

2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆசியான் சரக்கு வணிக உடன்படிக்கை, கச்சா பாமாயில் வரியின் உச்சவரம்பை 2019 முடிவுக்குள் 80இலிருந்து 37.5 விழுக்காட்டுக்கு இறக்க வகைசெய்தது. எண்ணெய்வித்து உழவரின் நலிவுக்கு இதுவே காரணம் என்பாரோடு என்னால் உடன்பட முடியவில்லை. உடன்படிக்கைக்கு முன்பே, 2008இல், விலைவாசியைத் தணிக்க இந்திய அரசு தானாகவே அந்த வரியை முழுவதும் நீக்கியிருந்தது. வரியை மீண்டும் உயர்த்தினால் சுமை ஏழையின் அடுப்பில் விழும். ஆனால் மலிவான எண்ணெயை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. சுமத்திராவிலும் போர்னியோவிலும் அழிந்த காட்டின் இழப்பு அந்த 25 ரூபாயில் அடங்கவில்லை. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்கும் மேலாக நிறுத்தியபோது, நம் சமையலறை எவ்வளவு தூரம் பிறர் கையில் இருக்கிறது என்பது தெரிந்தது.

எதிர்த்திசையிலும் வணிகம் உண்டு. இந்திய நிலக்கடலைக்கு இந்தோனேசியாவும் வியட்நாமும் முக்கியச் சந்தைகள். 2015இல் வியட்நாம், பூச்சித் தாக்குதலைக் காரணம் காட்டி இறக்குமதியை நிறுத்தியது. இந்தோனேசியா எழுப்பும் கேள்வி அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சைப் பற்றியது. இந்த இரண்டையும் எந்த வரிக்குறைப்பும் தீர்க்காது.

நச்சு எங்கே சேர்கிறது? காய் முற்றும் பருவத்தில் வறட்சி வந்தால் நிலத்திலேயே பூஞ்சை ஏறுகிறது. பிடுங்கிய செடியைக் குவித்துவைத்து, அதன்மேல் மழை பெய்தால் அது பெருகுகிறது. உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் உண்டு. அந்த ஈரம் உலருமுன்பே பருப்பு மூட்டையாகிவிடுகிறது. மேலும் பதப்படுத்துவதற்கான நிலக்கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நச்சு கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் வரம்பு. கண்ணால் பார்த்து அறியக்கூடியதல்ல அது. விலை பேசுகையில் பருவெட்டும் ஈரமும் பருப்புத் தேறுதலும்தான் பார்க்கப்படுகின்றன. அதனால் பொறுப்பாகக் காயவைத்தவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. கடனை அடைக்கும் அவசரத்தில் இருப்பவர் ஏன் இன்னும் நான்கு நாள் காயவைப்பார்? உழவரின் அறியாமை என்று இதைச் சொல்வது அநியாயம். குறை சந்தை அமைப்பில் இருக்கிறது.

ஆசியான் உடன்படிக்கையின் மறுஆய்வில் இந்தியா கேட்க வேண்டியது இதுதான்: இரு தரப்பும் ஏற்கும் ஒரே பரிசோதனை முறை வேண்டும், அதன் சான்று ஏற்றுமதித் துறைமுகத்தில் அல்லாமல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலேயே கிடைக்க வேண்டும். உலர்களமும் ஈரமின்றி உடைக்கும் எந்திரமும் ஊருக்குள் வர வேண்டும். அதற்கான செலவின் ஒரு பங்கைப் பாமாயில் இறக்குமதி வரியிலிருந்து ஒதுக்க மைய அரசு முன்வர வேண்டும்.