அடைக்கலம் தருவது குற்றமா?

வீட்டைவிட்டு ஓடிவந்த சிறாருக்கு ஓரிரவு இடம் தந்தால் வழக்கு வருமா? வெளியூரார் வேலை தேடி வந்து தங்கும் வள்ளூர், எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

சென்னை அரசுக்கு எதிரான வரதராசன் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. 18 வயதை நெருங்கிய, விவரம் அறிந்த பெண் தானே வீட்டைவிட்டு வந்து ஒருவருடன் செல்வது வேறு. அவர் அவளைக் கொண்டுசெல்வது வேறு. வரதராசன் விடுதலையானார். ஆனால், தூண்டியோ ஆசைகாட்டியோ வரவழைத்தால் அது கடத்தல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. கடத்தப்பட்டவர் என்று அறிந்தே ஒளித்துவைப்பவருக்கும் கடத்தியவருக்குரிய தண்டனையே. பாலுறவு நேர்ந்தால், போக்சோ சட்டத்தின் முன் சிறாரின் சம்மதம் செல்லாது.

ஆதரவற்று வந்த குழந்தையைப் பொறுப்பேற்பவர் 24 மணி நேரத்துக்குள் 1098 எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். தவறினால் 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அடிக்கு அஞ்சி வந்த பிள்ளையை மீண்டும் அங்கேயே அனுப்பிவிடுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். வீட்டுச் சூழலை விசாரித்து முடிவெடுப்பதே குழுவின் கடமை. எனவே நான் சொல்வது இதுதான்: சோறிடுங்கள், இடம் கொடுங்கள்; மறைக்காதீர்கள்.