தேர்ச்சக்கரம் முதல் அலாய் வீல் வரை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நினைவுகள் பற்றி ஒரு கட்டுரை. "எல்லாரும் அதைத்தான் எழுதப் போறாங்க, நான் சக்கரத்தைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "சரித்திரமா இருந்தா சரி சார், நீங்க சரித்திர வகுப்பு மாணவர்தானே" என்றார்கள். ஆகவே இது சரித்திரம்தான். ஆனால் இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அதைச் சொல்ல நாற்பது வருஷங்களுக்கு மேல் தயங்கினேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சக்கரத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும், தேரை இழுப்பது பெரிய காரியமில்லை, திருப்புவதும் நிறுத்துவதும்தான் காரியம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர் கையில்தான் அத்தனை பேரின் உயிரும். கட்டை ஒரு சாண் தள்ளி விழுந்தாலும் போச்சு. பின்னாளில் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டில் சக்கரம் மாற்றி ஓட்டிய வண்டிகளில் பெரியது அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பளபளப்புக்காக மாற்றவில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்காக மாற்றினார்கள்.

கார் விஷயத்துக்கு வருவோம். 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு முன்பே, 1845இல், ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். வாங்கி என்ன, அன்று அதை மாட்ட வண்டி இல்லை! ஆரம்ப காலக் கார்களுக்கு மரச் சக்கரம், பிறகு கம்பிச் சக்கரம், பிறகு தகட்டை அழுத்திச் செய்த எஃகுச் சக்கரம். நம் மெக்கானிக்குகள் 'டிஸ்க்' என்பது இந்தக் கடைசிச் சக்கரத்தைத்தான்.

அலுமினியத்தை வார்த்துச் செய்த சக்கரத்தைப் பந்தய உலகில் புகழ்பெறச் செய்தவர் எத்தோரே புகாட்டி. 1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு டைப் 35 என்ற தன் புதிய காரை அனுப்பினார். எட்டு ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரம், பிரேக் டிரம்மும் அதோடு சேர்ந்தே வார்த்தது. பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். பந்தயத்தில் என்ன நடந்தது தெரியுமா? சரியாகப் பதப்படாத டயர்களின் மேல்தோல் உரிந்துவிட, புகாட்டியின் கார்கள் பின்தங்கிப் போயின. சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. அதன் மேல் இருந்த ரப்பர் காலை வாரிவிட்டது. அலாய் வீலின் சரித்திரத்தில் இந்த முதல் அத்தியாயத்தைக் கடைக்காரர்கள் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சக்கரத்தின் எடை குறைந்தால் என்ன லாபம்? ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை வேறு, கீழே இருக்கும் எடை வேறு. கீழே இருக்கும் சக்கரம் பள்ளம் மேடுகளில் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கியாக வேண்டும். அது இலேசாக இருந்தால் சீக்கிரம் தரைக்குத் திரும்பும், டயர் சாலையை விடாமல் பிடிக்கும். 1960களில் மினி கார்களுக்கு மக்னீசியத்தில் 'மினிலைட்' சக்கரம் வந்தது இதற்காகத்தான். அழகு பிறகு வந்து சேர்ந்தது.

நம் தமிழ்நாட்டுக்கு இந்த மோகம் வந்த வழி சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1950களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஃபியட்டும் ஹெரால்டும் ஓடிய அதே ஓடுதளத்தில், 1980களில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையும் ஓட்டினார். நாங்கள் படித்த நாளில் திருவண்ணாமலையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், வெயிலில் காய்ந்து, காதடைத்துத் திரும்பியிருக்கிறோம். வீட்டில் சொன்னது, நூலகத்துக்குப் போகிறோம் என்று!

ஹெரால்டைப் பற்றி இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னைக்கு அருகே 1961 முதல் தயாரித்த கார் அது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு தான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அதே ஹெரால்டின் சட்டத்தை வைத்துத்தான் அங்கே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே எங்கள் கண்ணுக்கு ஹெரால்டு பாதி ஸ்போர்ட்ஸ் கார். அதன் பின் அச்சு ஊஞ்சல் மாதிரி ஆடும் வகை. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். மரியாதையாக ஓட்டினால் மரியாதையாக ஓடும் வண்டி.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு 1979இல் அப்படி ஒரு பழைய ஹெரால்டு கிடைத்தது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் அகலமான அலாய் வீல் நான்கு கண்ணில் பட்டது. "சோழவரம் ரேஸ் கார்ல இருந்து கழட்டினது" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தை போதாதா! கூடப் போனவன் நான்தான்.

நான்கு துளை. ஹெரால்டுக்கும் நான்கு போல்ட். மாட்டிப் பார்த்தோம். உட்கார்ந்த மாதிரியும் இருந்தது, உட்காராத மாதிரியும் இருந்தது. ஹெரால்டின் போல்ட்டுகள் 95.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. அந்தச் சக்கரம் வேறு ஏதோ காருக்காக 98 மில்லிமீட்டர் வட்டத்தில் துளைத்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. வித்தியாசம் பெரிதாக இருந்திருந்தால் மாட்டவே முடியாது, பிழைத்திருப்போம். "முறுக்குடா, முறுக்க முறுக்க சரியாயிடும்" என்று ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னவனும் நான்தான்.

ஒன்பது நாள் ஓடிற்று. பத்தாம் நாள் சாயங்காலம் மலையைச் சுற்றி வந்தோம். பௌர்ணமிக் கூட்டம் இன்றுபோல் இல்லாத காலம். சாலையில் ஆள் அரிது. அடி அண்ணாமலை வளைவில் பின்னால் 'கடகட' என்று ஒரு சத்தம். என்ன என்று திரும்புவதற்குள் இடது பின்சக்கரம் எங்களைத் தாண்டி முன்னால் உருண்டு போனது. வண்டி ஒருபக்கம் சாய்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. சக்கரம் மட்டும் நிற்கவில்லை. கோயிலுக்கு எதிரே பூக்கூடை வைத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் காலில் போய் மோதியது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மூன்று மாதம் படுக்கை. நண்பன் காரை விற்று வைத்தியம் பார்த்தான். அந்த அம்மா திரும்பி வந்து அதே இடத்தில் பூக்கட்டினார், ஆனால் கோல் ஊன்றித்தான் நடந்தார். எங்களைப் பார்த்தால், "வாங்க தம்பிங்களா" என்பார். ஒரு தடவை திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. போல்ட் நான்கும் கழுத்தில் முறிந்திருந்தன. நட்டு சரியான சாய்வில் உட்காராததால் தளர்ந்து, தளர்ந்ததால் போல்ட் வளைந்து வளைந்து ஒடிந்திருக்கிறது.

சரித்திரத்துக்குத் திரும்புகிறேன், அது எனக்கும் நல்லது. டயரில் பெரிய மாற்றம் ரேடியல். 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் ஜே.கே. நிறுவனம் 1970களிலேயே ரேடியல் டயர் செய்தாலும், அது நம் ஊர்க் கார்களில் பரவியது மாருதி வந்த பிறகுதான். அதுவரை மொட்டை டயரை ரீட்ரேடிங் செய்து செய்து ஓட்டிய தலைமுறை நாங்கள். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1961இல் டயருக்கு வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பொருத்திச் சின்னஞ்சிறு ஃபார்முலா கார்களைக் கட்டினார். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார்.

அந்தத் தடத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்தளமான 13ஆம் வளைவில், ரால்ஃப் ஷூமாக்கர் ஓட்டிய காரின் இடது பின்டயர் கெட்டுச் சுவரில் மோதியது. அந்த வளைவின் அழுத்தத்தை எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மிஷலின் நிறுவனமே சொல்லிவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தில் டயர் மாற்றவும் கூடாது. இருபது கார்கள் சுற்றிவர, மிஷலின் டயர் மாட்டிய பதினான்கும் பந்தயம் தொடங்குமுன் உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்கள் மட்டும் மிச்சம். நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள்! அதிர்ஷ்டம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரியதாகத் தெரிவது பதினான்கு பேர் திரும்பிப் போனது. கோடி கோடியாகச் செலவழித்து, உலகமே பார்க்க, 'இந்த டயரில் ஓட்ட மாட்டோம்' என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எங்கள் இருவருக்கும் 1979இல் அதில் கால்வாசி இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன்? நண்பனின் பேரன் நம் கல்லூரியில் படித்தவன்தான், ஒரகடத்தில் வேலை. ராலிக்காரர்கள் ஓட்டிய வண்டி என்று ஒரு பழைய எஸ்டீமைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். போன தை மாதம் வந்து, "தாத்தா, 16 இஞ்ச் அலாய் போடப் போறேன், செம லுக்கா இருக்கும்" என்றான். நண்பன் எழுந்து உள்ளே போய்விட்டான். பேரனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன்.

அவன் வண்டியில் இருந்த டயர் 175/70 ஆர் 13. அதாவது அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 122.5. ரேடியல், 13 அங்குல ரிம். மொத்த உயரம் 575 மில்லிமீட்டர் சொச்சம். ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச்சுவரைக் குறைத்து இந்த உயரத்தைக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும், டயர் மட்கார்டில் உரசும். 185/60 ஆர் 14 போட்டால் 577 சொச்சம், பொருந்துகிறது. 195/50 ஆர் 15 போட்டால் 576, அதுவும் பொருந்துகிறது. அவன் கேட்ட 16 அங்குலத்தில் 205/40 போட்டால் 570. கணக்கில் தேறிவிடும்! ஆனால் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். செங்கம் ரோட்டில் ஒரு மழைக்காலப் பள்ளம் போதும். எஃகு டிஸ்க் என்றால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். தவிர, பெரிய ரிம்மும் அகல டயருமாகச் சேர்ந்து பழைய எஃகுச் சக்கரத்தைவிடக் கனமாகிவிடுவதும் உண்டு. அப்புறம் அலாய் எதற்கு?

"அளவு பாத்தாச்சு, வேற என்ன தாத்தா?" என்றான். போல்ட் வட்டம் என்றேன். அது மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்த வேண்டும். நடுத்துளை ஹப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட வேண்டும். ரிம் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற ஆஃப்செட் மாறினால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் தேயும். ரிம்மின் மேல் ஜே.டபிள்யூ.எல். போன்ற சோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயரில் 82ஹெச் என்றிருந்தால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள். பழைய எண்ணைவிடக் குறைந்த எண் வாங்கவே கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1523 என்றால் 2023ஆம் வருஷம் பதினைந்தாம் வாரம் செய்தது. பூவெல்லாம் அப்படியே இருக்கிறதே என்று எட்டு வருஷப் பழைய டயரை வாங்கிவந்தால், ரப்பர் உள்ளுக்குள் இறுகிப் போயிருக்கும்.

அவன் போனில் குறித்துக்கொண்டான். பிறகு, "தாத்தா ஏன் எழுந்து போனாரு?" என்று கேட்டான். நான் நண்பனைப் பார்த்தேன். வாசற்படியில் நின்றிருந்தவன், "நீயே சொல்லுடா" என்றான். சொன்னேன். அவன் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

கடைசியில் 14 அங்குலம் போட்டான். டயர் 185/60. டிக்கியில் ஸ்டெப்னி மட்டும் பழைய எஃகு டிஸ்க்தான். அலாய்க்கான நட்டு அதற்குச் சேராது என்பதால் பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி அதோடு வைத்திருக்கிறான். புதுச் சக்கரம் மாட்டினால் நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டுகளை அளவுமானி ஸ்பேனரால் மறுபடி சரிபார்க்க வேண்டும். நூறாவது கிலோமீட்டருக்குக் காத்திராமல், எழுபதிலேயே அடி அண்ணாமலையில் ஒரு பஞ்சர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். நண்பன்தான் முன்சீட்டில். ஒவ்வொரு நட்டாகப் பேரன் முறுக்க, 'டக்' என்ற சத்தம் வரும்வரை தாத்தா குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பதினாறு நட்டு, பதினாறு 'டக்'. அப்புறம் கோயில் வாசலில் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.