தெளிந்த நீர் தூய நீராகுமா?

2004 டிசம்பர் 26 அன்று குமரிக் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை, குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி முதலிய ஊர்களில் உயிர்களைப் பறித்தது. கிணறுகளிலும் கடல்நீரைப் புகுத்திச் சென்றது. மாசுற்ற நீரால் காலரா பரவி மற்றுமோர் அழிவு நேருமோ என்பதே அன்றைய அச்சம். அவ்வச்சம் வீணானதன்று. கண்ணுக்குத் தெளிவாயிருந்த கிணற்று நீரே காலராவைப் பரப்பக் கூடும் என்பதை 1854ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிராட் தெருவில் மருத்துவர் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டியிருந்தார்.

எனினும், தமிழகக் கடற்கரையில் பெருங்கொள்ளைநோய் எதுவும் எழவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் குடிநீரில் குளோரின் கலந்ததோடு நின்றுவிடாமல், அது நீரில் எஞ்சியுள்ளதா என்றும் சோதித்து வந்தனர். சிறு குழாயில் எடுத்த நீரில் சில சொட்டுச் சோதனைத் திரவம் விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். தோன்றாவிடில் அந்நீருக்குக் காப்பு இல்லை என்பது பொருள்.

குளோரின் இட்ட குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. கிருமியைக் கண் காணாது, சோதனையே காட்டும். வீட்டுக் கிணறாயினும், பள்ளிவாசல் ஹவுளாயினும், பிள்ளைகள் நீந்தும் குளமாயினும், தெளிவை மட்டும் நம்பாது காலந்தோறும் சோதித்தறிவதே அந்நாட்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.